கல்லைப் புரட்டிப் பாருங்கள்

குற்றாலத்துக்கும் களக்காட்டுக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில் சிற்றாறு, ஜம்பு நதி, ராம நதி, கடனா நதி, மணிமுத்தாறு, பச்சையாறு என்று வரிசையாக இறங்கித் தாமிரபரணிக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. இவற்றுக்கும் தண்ணீர் கொடுப்பவை, அந்தந்த ஊர்க்காரர்கள் மட்டும் பெயர் சொல்லி அழைக்கும் சின்னஞ்சிறு ஓடைகள். தாமிரபரணியில் சாக்கடை கலந்தால் செய்தித்தாளில் வரும், நீதிமன்றத்துக்குப் போவார்கள். ஓடை செத்தால் கேட்க நாதியில்லை. அதனால்தான் ஓடையின் நலத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இளவயதுப் பிள்ளைகள் வந்து நின்றால் எனக்கு மனம் நிறைந்துபோகிறது. அவர்களிடம் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். மலையடிவார ஓடைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. சமவெளி வாய்க்காலுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. ஓர் ஓடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்தால் நல்லது. பத்து ஓடைகளைத் தலா ஒரு முறை பார்த்தவருக்கு எதுவும் தெரியாது. ஒரே ஓடையை ஆனியிலும் ஐப்பசியிலும் மாசியிலும் பார்த்தவருக்குத்தான் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று பிடிபடும்.

2. தண்ணீரில் கால் வைக்குமுன் கரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் வேலை கொடுங்கள். மண்வாசனை, இலை மக்கும் வாசனை எல்லாம் நல்லதுதான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடியில் காற்றில்லாமல் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது.

நுரையைக் கண்டதும் சோப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இலைதழைகள் ஊறிய தண்ணீர் பாறையில் மோதினாலும் நுரைக்கும். அந்த நுரை சற்றுப் பழுப்பாக இருக்கும், கையில் எடுத்தால் மண் மணக்கும். துணி துவைத்த நுரை வெள்ளை வெளேரென்று இருக்கும், பூ வாசனையோ எலுமிச்சை வாசனையோ அடிக்கும்.

தேங்கிய ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புச் சத்தைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை, கவலை வேண்டாம். உடைந்த இடம் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது டீசலோ ஆயிலோதான். மேலே எங்கேயோ மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், அல்லது வண்டி கழுவுகிறார்கள். போய்ப் பாருங்கள்.

கல்லின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தியிருந்தால் கழிவு கலக்கிறது. நீளநீளமாகப் பச்சைப் பாசி கூந்தலாக ஆடினால் உரமும் வெயிலும் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கின்றன.

3. வற்றுவதை நோய் என்று எழுதிவிடாதீர்கள். வேறு நாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் பங்குனியில் காய்ந்த ஓடையைப் பார்த்ததும் ‘ஓடை இறந்துவிட்டது’ என்று குறிப்பெடுக்கிறார்கள். நம் பக்கத்து ஓடைகளில் பல, தென்மேற்குச் சாரலில் கொஞ்சம் ஓடி, வடகிழக்குப் பருவமழையில் நிறைய ஓடி, கோடையில் கசங்களாக, அதாவது ஆங்காங்கே தங்கும் ஆழக் குட்டைகளாக, சுருங்கிவிடுபவை. அதுவே அவற்றின் இயல்பு. அங்கே வாழும் உயிர்களுக்கும் அது தெரியும். சில, ஈர மணலுக்குள் இறங்கிவிடும். சில முட்டையாகக் காத்திருக்கும். சில சிறகு முளைத்துப் பறந்துபோய் மழைக்குத் திரும்பிவரும். மீன்கள் கசத்தில் ஒதுங்கும்.

மாசி வரை ஓடிக்கொண்டிருந்த ஓடை இப்போது மார்கழியிலேயே நின்றுபோகிறது என்றால் அதுதான் நோய். மேலே காடு வெட்டப்பட்டிருக்கலாம், பக்கத்துத் தோப்புகளில் ஆழ்குழாய் இறங்கியிருக்கலாம். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. வைகாசியில் வற்ற வேண்டிய ஓடை வருஷம் முழுக்க ஒரே சீராக ஓடுகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். ஊர்ச் சாக்கடை அதில் திரும்பியிருக்கும். கோடைக் கசங்களை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த நான்கைந்து குட்டைகளில்தான் அடுத்த வருஷத்து ஓடையே உயிரோடு இருக்கிறது. அதில் ஒருவன் வெடி போட்டோ பிளீச்சிங் பவுடர் கொட்டியோ மீன் பிடித்தால் மழை வந்தாலும் ஓடை திரும்பாது.

4. மேலே போய் ஒரு நல்ல இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசித் தோப்புக்கும் மேலே, காட்டிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இடம் உங்களுக்கு அளவுகோல். ஊருக்குக் கீழே நீங்கள் காண்பதையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும். தாளில் அச்சடித்த எந்த அளவையும்விட உங்கள் ஓடையின் தலைப்பகுதி சொல்வதே சரி. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டியிருக்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லை பல ஓடைகளின் தலைமாட்டிலேயே இருக்கிறது. எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அனுமதியில்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது.

5. அளக்கும் கருவிகளை மதியுங்கள், ஆனால் ஒரு பாட்டில் தண்ணீரை நம்பி ஓடைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை முதலில் பாருங்கள். 25 டிகிரி வெப்பத்தில், கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில், தண்ணீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்குக் குறைந்துவிடும். ஆகவே வெப்பத்தை எழுதாமல் ஆக்சிஜனை மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குளிக்கும் நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. மீனும் காட்டுயிரும் வாழ 4. துள்ளி ஓடும் மலை ஓடையில் 5 இருந்தாலே எனக்குக் கவலைதான்.

மீட்டர் வாங்க வசதியில்லாத கல்லூரிகளில் விங்க்ளர் முறையில் செய்யுங்கள். 1888ல் வந்த முறை, இன்றும் மீட்டரைச் சரிபார்க்க அதைத்தான் தேடிப்போகிறார்கள். குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு மூடிக் குலுக்கினால் உள்ளே மேகம் திரளும். பழுப்பு மேகம் என்றால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. எண்ணைக் கணக்கிடுமுன்பே குப்பி விஷயத்தைச் சொல்லிவிடும். அந்த வெள்ளை மேகத்தை ஒரு முறை பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பாசி மண்டிய ஓடையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆக்சிஜன் பொங்கி வழியும், பாசி வெயிலில் தயாரித்துத் தள்ளியிருக்கும். இரவெல்லாம் அதே பாசி மூச்சு விட்டு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். மீன் சாவது விடியற்காலையில். ஆகவே ஒரு முறையாவது விடியுமுன் போய் அளவெடுங்கள்.

மின்கடத்துதிறன் பார்க்கும் சிறு மீட்டர் விலை அதிகமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். ஓடையோரமாக நடந்துகொண்டே அங்கங்கே தோய்த்துப் பார்த்தால், எண் திடீரென்று எகிறும் இடத்துக்குச் சற்று மேலேதான் ஏதோ கலக்கிறது. கலக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிஎச், கலங்கல் எல்லாம் அடுத்தபடி.

6. கல்லைப் புரட்டிப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிஷத்தை மட்டும் சொல்லும். ராத்திரி பத்து மணிக்குக் கழிவைத் திறந்துவிட்டவன் காலையில் நீங்கள் வருவதற்குள் தப்பித்துவிடுவான். கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் பூச்சிகளால் அப்படித் தப்பிக்க முடியாது. அந்த ராத்திரி அவற்றின் மேல்தான் போயிருக்கும்.

முழங்காலுக்குக் குறைந்த ஆழத்தில், சலசலத்து ஓடும் இடத்தில், இரண்டு கையால் எடுக்கக்கூடிய ஒரு கல்லை மெல்லத் தூக்கித் திருப்புங்கள். உடனே ஒன்றும் தெரியாது. அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள். கல்லின் நிறத்திலேயே, கல்லோடு ஒட்டித் தட்டையாக, ஏதோ ஒன்று பக்கவாட்டில் ஓடும். தலையின் மேற்புறத்தில் இரண்டு கண்கள், உடம்பின் இரு பக்கமும் மெல்லிய செவுள் தகடுகள். ஒரு தட்டில் நீர் ஊற்றி அதில் விட்டால் அந்தத் தகடுகள் இடைவிடாமல் படபடக்கும். அதுதான் மேஃப்ளையின் இளம்பருவம். பெரும்பாலும் மூன்று வால். ஆனால் வாலை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள், இரண்டு வாலுள்ள மேஃப்ளைகளும் நம் மலைகளில் உண்டு. வயிற்றோரம் செவுள், காலுக்கு ஒரு நகம் என்றால் மேஃப்ளை. காலுக்கு இரண்டு நகம், எப்போதும் இரண்டு வால், செவுள் குஞ்சம் நெஞ்சுப் பகுதியில் கால்களின் அடியில் என்றால் ஸ்டோன்ஃப்ளை. தட்டில் ஆக்சிஜன் குறையத் தொடங்கியதும் ஸ்டோன்ஃப்ளை உடம்பைத் தூக்கித் தூக்கித் தண்டால் எடுக்கும். செவுளைச் சுற்றி நீரை ஓடவைத்து மூச்சு வாங்குகிறது என்று பொருள். அதைக் கண்டவுடன் ஓடையில் விட்டுவிடுங்கள்.

இன்னும் உற்றுப் பாருங்கள். மணல் துகள்களைப் பட்டு நூலால் கோத்துச் செய்த சிறு குழாய் கல்லில் ஒட்டியிருக்கும், உள்ளே காடிஸ் புழு. அதன் உறவுக்காரர் ஒருவர் வீடு கட்டாமல் இரண்டு கல்லுக்கு நடுவே வலை கட்டி, வாயை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு வருவதைப் பிடித்துத் தின்பார். வட்டமாக, கல்லை விட்டுப் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடப்பது ஒரு வண்டின் லார்வா.

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ் மூன்றும் பல வகைகளில் கிடைத்தால் ஓடை நன்றாக இருக்கிறது. முதலில் காணாமல் போவது ஸ்டோன்ஃப்ளை. அடுத்து தட்டை மேஃப்ளைகள். கடைசியில் ரத்தச் சிவப்பில் நெளியும் புழுக்களும், சேற்றில் தலையைப் புதைத்து வாலை ஆட்டும் டியூபிஃபெக்ஸும் மட்டும் மிஞ்சும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் பிழைக்க அவற்றுக்கு வாய்த்த வரம்.

இந்தப் பூச்சிகளைப் பற்றி நம்மவர்களே நிறைய வேலை செய்திருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேஃப்ளைகளை ஆராய்ந்தவர். அவர் 1984ல் விவரித்த ஒரு மேஃப்ளையின் பெயர் பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ். குற்றாலத்தின் பெயரைச் சுமக்கும் உயிர் அது. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

7. வலை போடும்போது எப்போதும் கீழிருந்து மேல்நோக்கிப் போங்கள். மேலிருந்து இறங்கினால் நீங்கள் கிளப்பிய சேற்றையே நீங்கள் அள்ளுவீர்கள். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, அதற்கு முன்னால் காலால் அடிமண்ணைக் கிளறுங்கள். மொத்தம் மூன்று நிமிஷம், சலசலப்பிலும் இலைக்குவியலிலும் கரை வேரடியிலும் கசத்தின் ஓரத்திலும் பிரித்துச் செய்யுங்கள். வெள்ளைத் தட்டில் கொட்டி, நிழலில் வைத்துப் பாருங்கள். பெருவெள்ளம் போன மறுவாரம் போகாதீர்கள். எல்லாவற்றையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும், ஓடை மோசம் என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள். தை, மாசி மாதங்கள் நம் பக்கத்துக்கு மிக வசதி.

8. மதிப்பெண் போடுங்கள், ஆனால் மதிப்பெண் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். 1976ல் பிரிட்டனில் அமைந்த ஒரு குழு, பூச்சிக் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் முறையை உருவாக்கியது. அசுத்தம் தாங்காதவற்றுக்கு 10, எதையும் தாங்குபவற்றுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். 12 குடும்பங்கள், மொத்தம் 72 என்றால் சராசரி 6. நம் மத்திய வாரியமும் இதைத் தழுவி ஒரு முறை வைத்திருக்கிறது.

பிரிட்டிஷ் பட்டியலில் ஒரு தட்டான் குடும்பத்துக்கு 8 மதிப்பெண் இருக்கும். நம் ஊரில் அதே குடும்பத்துத் தட்டான்கள் ஊர்க்குட்டையிலும் சாக்கடை கலந்த குளத்திலும் சாவகாசமாக வாழ்கின்றன. அதை 8 என்று கூட்டினால் கெட்ட ஓடைக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பீர்கள். ஆகவே எண்ணை எழுதும்போது எந்தெந்த உயிர் கிடைத்தது என்ற பட்டியலையும் கூடவே எழுதுங்கள். பட்டியல் இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார். எண் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

9. அடியையும் கரையையும் பாருங்கள். கற்களுக்கு இடையே விரலை விட்டால் சந்து கிடைக்க வேண்டும். அந்தச் சந்துகளில்தான் மேலே சொன்ன உயிர்கள் எல்லாம் குடியிருக்கின்றன. வண்டல் வந்து சந்தை அடைத்துவிட்டால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும், அது ஆளில்லாத வீடுகள் உள்ள தெரு. கரையை வெட்டிச் செங்கல் சூளைக்கு மண் எடுத்தாலோ, மேலே சாலை போட மலையைச் சரித்தாலோ முதலில் நடப்பது இதுதான்.

கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் கடம்பும் நிற்கின்றனவா, பாறையிடுக்கில் ஆற்றலரி வேரூன்றியிருக்கிறதா என்று பாருங்கள். நிழல் இருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் தங்கும். சின்ன ஓடையில் விழும் இலைதான் அங்குள்ள பூச்சிகளுக்குச் சாப்பாடு. ‘சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டு இயந்திரத்தை இறக்கிக் கரை மரங்களை வழித்து, அடியைச் சமப்படுத்திவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். அதைத் தடுக்க உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள், இலையை விட்டுவிடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் நுழைந்திருந்தால் எந்த இடத்தில், எத்தனை அடி நீளம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

10. மீனைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. பாறையில் வாயை ஒட்டி நிற்கும் சிறுமீன்களும் அயிரையும் கெண்டைக் குஞ்சுகளும் கலந்து இருந்தால் நல்லது. ஜிலேபிக் கெண்டையும், கொசுவுக்காகக் கொண்டுவந்த கம்பூசியாவும் மட்டும் இருந்தால் நல்லதல்ல.

11. ஆடு மேய்க்கும் அண்ணாச்சியிடமும், துணி துவைக்க வரும் அக்காமாரிடமும் பேசுங்கள். மேட்டில் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் போய் மரியாதையாக உட்கார்ந்து கேளுங்கள். ‘இங்கே தண்ணி எப்போ நிக்கும்? உங்க சின்ன வயசுல எப்போ நின்னுச்சு? எந்த மீனை இப்போ காணோம்?’ இந்த மூன்று கேள்வி போதும். எந்த அலுவலகத்திலும் இல்லாத நாற்பது வருஷப் பதிவு அவர்களிடம் இருக்கிறது. சொல்பவர் சொன்னபடியே, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

12. தண்ணீரின் அளவையும் விட்டுவிடாதீர்கள். பத்து மீட்டர் தூரத்தை அளந்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு எத்தனை நொடி என்று பாருங்கள். தூரத்தை நொடியால் வகுத்தால் மேற்பரப்பின் வேகம். அடியில் நீர் மெதுவாக ஓடுவதால் அதை 0.85ஆல் பெருக்குங்கள். பிறகு அந்த வேகத்தை அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வந்துவிடும்.

13. தனியாகப் போகாதீர்கள். மலையில் மழை பெய்வது அடிவாரத்தில் தெரியாது. தண்ணீர் திடீரென்று கலங்கி, குப்பையும் சருகும் மிதந்து வந்தால் அந்த நிமிஷமே கரையேறுங்கள், வலை போனால் போகட்டும். காலில் புண் இருந்தால் இறங்க வேண்டாம். யானைச் சாணம் சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

14. தெரிந்துகொண்டதை ஊருக்குக் கொண்டுபோங்கள். இதை எல்லோரும் கடைசிக்குத் தள்ளி, கடைசியில் விட்டும் விடுகிறார்கள். நோட்டில் தூங்கும் கணக்கால் ஓடைக்கு ஒரு பயனுமில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், உங்களுக்கென்றே அமைந்த நாள். ஓடை நன்றாக இருக்கும் இடத்தையும் கெட்டிருக்கும் இடத்தையும் சொல்லுங்கள், எங்கே எது கலக்கிறது என்று சர்வே எண்ணோடு சொல்லுங்கள், தீர்மானமாக எழுதக் கேளுங்கள். ஆளைக் குற்றம் சாட்டிப் பேசாதீர்கள். கழிவை விடுகிறவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார், அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிஓடி, கோலிஃபார்ம் என்று எண்களைப் படித்தால் கூட்டம் கலைந்துவிடும். இரண்டு வெள்ளைத் தட்டுகளை எடுத்துப்போங்கள். ஒன்றில் ஊருக்கு மேலே, காட்டு எல்லைக்கு வெளியே பிடித்த உயிர்கள், இன்னொன்றில் ஊருக்குக் கீழே பிடித்தவை. முதலில் சிறுபிள்ளைகள் வருவார்கள், அவர்களைத் தேடித் தாய்மார்கள் வருவார்கள். அன்று காலையில்தான் பிடிக்க வேண்டும். நிழலில் வைத்து, மீன்தொட்டிக்குப் போடும் பேட்டரி காற்றுக்குழாய் ஒன்றை ஊருக்கு மேலே பிடித்த உயிர்கள் உள்ள தட்டில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டோன்ஃப்ளை மதியம்வரை தாங்காது. கூட்டம் முடிந்ததும் எடுத்த இடத்திலேயே திருப்பி விடும் பொறுப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.